இரவு 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையே

தென்கொரியாவின் தலைநகரான சியோலில், 2011-ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், பள்ளிச் சிறுவன் ஒருவனுடைய இரவுப் பொழுதை இரண்டு விதிகள் காவல் காத்து நின்றன. பகலெல்லாம் பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை நடுநிசி வரையில் தனிப்பயிற்சி வகுப்புகளில் உட்கார வைக்கும் வழக்கம் எல்லை மீறிப் போனதால், இரவு 10 மணிக்குமேல் அந்த வகுப்புகள் நடைபெறலாகாது என்று மாநகர நிர்வாகம் இட்டிருந்த கட்டளை முதலாவது. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கிலே, கட்டளை செல்லும் என்று அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருந்தது. 16 வயது நிரம்பாத எவரும் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரையில் கம்ப்யூட்டரில் ஆன்லைன் விளையாட்டு ஆடக்கூடாது என்று 2011 நவம்பரில் அமலுக்கு வந்த சட்டம் இரண்டாவது. படிப்புக்கு ஓர் எல்லை, விளையாட்டுக்கு ஓர் எல்லை. இரண்டுக்கும் நடுவே, உண்ணவும், உடன்பிறந்தாரோடு பேசவும், மனம் போன போக்கில் எதையேனும் செய்து மகிழவும் அச்சிறுவனுக்கு எஞ்சியது 2 மணி நேரம். வீடியோ விளையாட்டை மனிதர்கள் ஏன் ஆடுகிறார்கள், ஆடத் தொடங்கியவர்களில் சிலர் ஏன் எழுந்திருக்க மாட்டாமற் போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுகிறவர், திரையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த 2 மணி நேரத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விளையாட்டு மனித சுபாவத்தோடு ஒட்டிப் பிறந்தது. ஹாலந்து தேசத்துச் சரித்திர ஆசிரியர் யோஹான் ஹொய்சிங்கா, 1938-இல் வெளியிட்ட ஒரு நூலில், வழக்காடுதல், யுத்தம், கவிதை, சடங்கு முதலியவற்றின் வேரிலேயே விளையாட்டு இருக்கிறது என்று வாதித்தார். மின்னணுத் திரைக்கு அந்தச் சுபாவம் இடம் மாறிய வேகமும் வியப்பானதுதான். 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில், பார்க்க வருகிற பொதுமக்களுக்குக் கொஞ்சம் உற்சாகமூட்டலாம் என்றெண்ணி, வில்லியம் ஹிகின்பாத்தம் என்ற பௌதிக விஞ்ஞானி, அலைகளைக் காட்டும் சிறிய வட்டத் திரையொன்றில், ஓர் ஒளிப்புள்ளி வலைக்கு இப்புறமும் அப்புறமும் துள்ளும்படியான டென்னிஸ் ஆட்டத்தை அமைத்து வைத்தார். பணம் பறிக்கும் உபாயம் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் ஜனங்கள் வரிசையில் காத்து நின்று ஆடினார்கள். வியாபாரிகளின் தந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த வரிசையை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நியாயமாகும்.

கொரியாவில் இந்த ஆட்டம் ஒரு தலைமுறையின் வாழ்க்கையாகவே ஆன கதை, 1997-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலிருந்து தொடங்குகிறது. நிறுவனங்கள் அடுக்கடுக்காகச் சரிந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து, கையில் கிடைத்த ஓய்வுத் தொகையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று திகைத்து நின்றனர். அவர்களில் பலர் இருபது, முப்பது கம்ப்யூட்டர்களை வாங்கி ஒரு மாடியறையில் வரிசையாக அடுக்கி, மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கினார்கள். பீசி-பாங் என்று பெயர்பெற்ற அந்த நிலையங்கள் வீதிக்கு வீதி முளைத்தன; மணிக்கு ஆயிரம் வொன் அளவிலான சொற்பக் கட்டணத்துக்கு, வீட்டில் இடமில்லாதவனும் வேலை கிடைக்காதவனும் அங்கே ஓர் ஆசனத்தைப் பெற முடிந்தது. 1998-இல் அமெரிக்காவிலிருந்து 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற யுத்த விளையாட்டு வந்து சேர்ந்தது; அதே ஆண்டு, கொரிய நிறுவனமாகிய என்சிசாஃப்ட், 'லீனியேஜ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அரசாங்கமோ அதிவேக இணைய இணைப்பை நாடெங்கும் பரப்புவதில் முனைப்பாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள், ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளை ஒளிபரப்புவதற்கென்றே தொலைக்காட்சி அலைவரிசை ஏற்பட்டது. லிம் யோ-ஹ்வான் என்ற ஆட்டக்காரருக்கு ஒரு சினிமா நட்சத்திரத்துக்குரிய புகழ் வந்து சேர்ந்தது. அவர் கட்டாய ராணுவ சேவைக்குச் சென்றபோது, விமானப் படை தன் பெயரிலேயே ஆட்டக்காரர் குழு ஒன்றை அமைத்தது. இளைஞரின் நேரத்தைக் கெடுக்கிறது என்று ஒரு கையால் தடுத்த அதே தேசம், மறு கையால் அந்த ஆட்டத்துக்கு மகுடம் சூட்டியது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். ஹாங்ஜோ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற கொரிய வீடியோ விளையாட்டுக் குழுவினருக்கு, மற்ற வீரர்களுக்கு உள்ளதுபோலவே ராணுவ சேவையில் விலக்கு கிடைத்தது.

மாடியறையிலே இரவெல்லாம் உட்கார்ந்திருந்த அந்த இளைஞர்களுக்கு அங்கே கிடைத்ததுதான் என்ன? அமெரிக்க மனோதத்துவ அறிஞர்களான எட்வர்ட் டீசி, ரிச்சர்ட் ரயன் இருவரும், மனிதனுடைய உள்ளத்துக்கு உணவைப் போலவே அவசியமான தேவைகள் மூன்று உண்டென்று நெடுங்காலமாக எடுத்துரைத்து வந்தவர்கள்: ஒரு காரியத்தைத் திறம்படச் செய்கிறோம் என்ற உணர்வு, நம் விருப்பப்படி நாமே தீர்மானிக்கிறோம் என்ற உணர்வு, நம்மைச் சேர்ந்தவர்கள் என்று சிலர் இருக்கிறார்கள் என்ற உணர்வு. 2006-இல் ரயனும் அவருடைய துணையாசிரியர்களும், வீடியோ விளையாட்டின் வசீகரம் பெரும்பாலும் இந்த மூன்றையும் அது நிறைவேற்றுவதிலேயே இருக்கிறது என்று ஆராய்ந்து காட்டினார்கள். எனக்குத் தெரிந்த விளக்கங்களில் இதைப் போலப் பொருத்தமானது வேறில்லை. ஏனெனில், விளையாடுகிறவனைச் சோம்பேறி என்றோ, பொழுதைக் கொல்கிறவன் என்றோ இகழாமல், அவன் எதைத் தேடிப் போகிறான் என்று அது கேட்கிறது.

கொரியப் பள்ளி மாணவன் பன்னிரண்டு ஆண்டுக் காலம் படிப்பதெல்லாம், நவம்பர் மாதத்தில் ஒரே நாளில் நடக்கும் சர்வகலாசாலை நுழைவுத் தேர்வுக்காக. ஆங்கிலம் கேட்டுப் பதிலெழுதும் பகுதி நடக்கும்போது, சத்தம் இடையூறாகுமென்று விமானங்கள் மேலெழாமலும் இறங்காமலும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. அந்நாளின் கனம் அத்தகையது. அவன் இன்றைக்குச் செய்த உழைப்பு நல்லதா கெட்டதா என்பதற்கு விடை, எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின்னர்தான் கிடைக்கும். அதுவும் மற்றவர்களோடு ஒப்பிட்ட ஒரு தரவரிசை எண்ணாகத்தான் கிடைக்கும். ஸ்டார்கிராஃப்டிலோ, அவன் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் சில விநாடிகளில் விடை வருகிறது. அரை மணிக்குள் ஜயாபஜயம் தெரிந்துவிடுகிறது. நேற்றுத் தோற்றவனிடம் இன்று ஜயிக்க முடிகிறது. தன் சைன்யத்தை எந்தத் திசையில் நடத்துவது என்று அவனுக்கு யாரும் கட்டளையிடுவதில்லை. நாள் முழுவதும் பிறர் போட்ட அட்டவணையில் நடந்தவன், அங்கே மட்டும் தன் புத்தியின்படி நடக்கிறான். லீனியேஜிலோ, இரத்த உறவுபோல் சபதம் செய்து சேர்ந்த கூட்டத்தினர், கோட்டையொன்றைப் பிடிக்கவும் காக்கவும் குறித்த நேரத்தில் திரண்டு நிற்க வேண்டும். அந்த முற்றுகையில் அவனுக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அவன் வராவிட்டால் 'ஏன் வரவில்லை?' என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். வேலையிழந்து வீட்டில் முகங்கொடுக்கக் கூசிய ஒரு நடுவயதுக்காரருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், இதை அற்பப் பொழுதுபோக்கென்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

இத்துடன், காலப் பிரக்ஞை மறைந்துபோகும் அனுபவமும் சேர்கிறது. ஹங்கேரிய வம்சத்தவரான மனோதத்துவ அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய், 1970-களில், மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவைச் சிகிச்சை செய்பவர்கள் முதலானோரிடம் விசாரித்து, காரியத்தின் கடினமும் செய்கிறவனுடைய சாமர்த்தியமும் சரிசமமாக நிற்கும்போது, தன்னை மறந்த ஒரு லயிப்பு உண்டாகிறது என்று கண்டார். காரியம் எளிதானால் சலிப்பு. மிகக் கடினமானால் அச்சம். இரண்டுக்கும் நடுவே அந்த லயிப்பு. கம்ப்யூட்டர், ஆடுகிறவனுடைய திறமையை நொடிக்கு நொடி அளந்து, எதிரியின் பலத்தைச் சற்றே கூட்டியும் சற்றே குறைத்தும் அவனை அந்த நடுவிலேயே நிறுத்தி வைக்கும் வல்லமை உடையது. வேறு எந்த ஆசிரியருக்கும் இத்தனை பொறுமை கிடையாது.

இதுவரை சொன்னது நன்மையின் பக்கம். இனிச் சொல்லப்போவது வேறு விதமானது. அதையும் கொரியாவிலிருந்தே சொல்லலாம். பழைய விளையாட்டை ஒருவன் விலை கொடுத்து வாங்கினான். வாங்கிய பிறகு அவன் ஒரு மணி நேரம் ஆடினாலும் ஓராண்டு ஆடினாலும் செய்தவனுக்கு லாபம் ஒன்றுதான். நெக்ஸான் என்ற சியோல் நிறுவனமும் அதைப் பின்பற்றியவர்களும், ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்து, ஆட்டத்துக்குள்ளே ஆயுதமும் ஆடையும் விற்கும் முறையைப் பிரபலமாக்கினார்கள். அன்று முதல், ஆடுகிறவன் எழுந்து போவது வியாபாரிக்கு நஷ்டமாயிற்று. ஆகவே, முடிவே இல்லாத ஆட்டம் பிறந்தது. தினந்தோறும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் பரிசு போய்விடும் என்ற ஏற்பாடு பிறந்தது. இன்ன பொருள் என்று சொல்லாமல், அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஏதேனும் ஒன்று கிடைக்கும் பெட்டியை விற்கும் வழக்கமும் பிறந்தது.

அந்தப் பெட்டியின் பலத்தைப் புரிந்துகொள்ள, ஹார்வர்ட் சர்வகலாசாலையில் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளை நினைக்க வேண்டும். பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்தால், தானியம் நின்றவுடன் புறாவும் சீக்கிரமே கொத்துவதை நிறுத்திவிடுகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடைவிட்டுக் கிடைத்தாலோ, அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. மனித மூளையிலும் எதிர்பாராத பரிசுக்குத்தான் டோபமின் என்ற இரசாயனம் மிகுதியாகச் சுரக்கிறது. 1998-இல் லண்டனில் எட்டு ஆண்களை ஒரு டாங்கி விளையாட்டில் ஈடுபடுத்தி, ஆடும்போதே அவர்களுடைய மூளையைப் படம்பிடித்த விஞ்ஞானிகள், அந்த இரசாயனம் பெருகுவதைக் கண்ணெதிரே கண்டார்கள். நல்ல உணவை உண்ணும்போதும், பிடித்த சங்கீதத்தைக் கேட்கும்போதும் அது சுரக்கத்தான் செய்கிறது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். சுரப்பதனாலேயே ஒன்று விஷமாகிவிடாது. ஆனால், இன்னதற்கு இவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அதை ஆடுகிறவனுக்குக் காட்டாமல் ஒருவர் மாற்றவும் முடியும் என்னும்போது விவகாரம் வேறாகிவிடுகிறது. நெக்ஸானின் 'மேப்பிள்ஸ்டோரி' என்ற ஆட்டத்தில், ஆயுதத்தின் சக்தியை மாற்றும் பொருளொன்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆசைப்பட்ட சில பலன்களின் வாய்ப்பு அவர்களுக்குத் தெரியாமலே குறைக்கப்பட்டது என்றும், சில சேர்க்கைகள் வரவே வராதபடி அமைக்கப்பட்டிருந்தன என்றும் கண்டு, 2024 ஜனவரியில் கொரிய நியாய வர்த்தக ஆணையம் அந்நிறுவனத்துக்கு 1,160 கோடி வொன்னுக்கு மேல் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் முதல், இத்தகைய பொருள்களின் வாய்ப்புக் கணக்கை வெளியிட்டே தீரவேண்டும் என்று சட்டமும் வந்தது. சிறுவனின் மன உறுதியைப் பற்றி உபதேசம் செய்கிற பெரியவர்கள், அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதையும் அறிந்து பேசுவது நல்லது.

இந்த அபாயத்தின் முகத்தைக் கொரியா மிகக் கொடூரமான வகையில் கண்டது. 2005-இல் டேகு நகரில், ஏறத்தாழ 50 மணி நேரம் இடைவிடாமல் ஸ்டார்கிராஃப்ட் ஆடிய ஓர் இளைஞர், பீசி-பாங்கிலேயே மயங்கி வீழ்ந்து உயிர் துறந்தார். சுவோன் நகரைச் சேர்ந்த தம்பதிகள், இரவெல்லாம் ஆட்டத்தில் ஒரு கற்பனைச் சிறுமியை வளர்த்துக்கொண்டிருக்க, வீட்டில் விடப்பட்ட அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை பட்டினியால் இறந்த செய்தி, 2010-இல் வெளியாகி உலகத்தையே நடுங்க வைத்தது. அச்சமும் துக்கமும் கலந்த அந்தச் சூழ்நிலையில்தான் நள்ளிரவுச் சட்டம் பிறந்தது.

ஆயினும், இந்தப் பரிதாபங்களைக் கொண்டு, கையில் விளையாட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் நோயாளியாகக் கருதுவது தவறு. உலக சுகாதார நிறுவனம், தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதை ஒரு வியாதியாகச் சேர்த்து, அப்பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, எத்தனை மணி நேரம் ஆடினால் வியாதி என்று ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போவதும், மற்ற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்னுக்குத் தள்ளி விளையாட்டே முதன்மை பெறுவதும், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பின்னும் ஆட்டம் தொடர்வதும் ஆகிய மூன்றும் சேர்ந்து, குடும்பத்தையும் கல்வியையும் தொழிலையும் பழுதாக்கும் அளவுக்கு, சாதாரணமாக ஓராண்டுக் காலமேனும் நீடித்திருக்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் நடந்து, 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, இதைப் போன்ற அளவுகோலுக்கு உட்படக்கூடியவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கு மேற்படவில்லை என்று கண்டது. மனச்சோர்வும், தனிமையும், கவனக்குறைபாடும் முன்னரே உள்ளவர்களிடத்தில்தான் இது பெரிதும் வேர்விடுகிறது என்றும், ஆகவே காரணத்தை விட்டு விளைவுக்குப் பெயர் சூட்டுகிறோமோ என்றும் அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். கொரியாவிலேயே, இந்த வியாதியைத் தேசியப் பட்டியலில் ஏற்பதா என்பது பற்றிச் சுகாதார அமைச்சகமும் கலாசார அமைச்சகமும் எதிரெதிர் அணிகளில் நின்று வாதாடி வந்திருக்கின்றன. பெயரைப் பற்றிய சர்ச்சை எப்படி முடிந்தாலும், அவஸ்தைப்படுகிற அந்த ஒருவருடைய துன்பம் மெய்யானது. அவருக்கு உதவி வேண்டும்.

நள்ளிரவுச் சட்டம் அந்த உதவியைச் செய்யவில்லை. பிள்ளைகள் பெற்றோருடைய அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். சட்டமோ கம்ப்யூட்டர் ஆட்டங்களைத் தடுத்ததேயன்றிக் கைபேசி ஆட்டங்களைத் தொடவில்லை. தலைமுறையே கைபேசிக்கு மாறிவிட்டபின், தடுப்பதற்கு அதிகம் மிஞ்சவில்லை. உறக்கம் கூடியதா என்று ஆராய்ந்தவர்களுக்கும் சொல்லத் தகுந்த பலன் தென்படவில்லை. 2022 ஜனவரியில் அச்சட்டம் நீக்கப்பட்டது. பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால் அவர்கள் குறிக்கும் நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தும் ஏற்பாடு மட்டும் நிலைத்தது. இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, முஜு என்ற மலைநாட்டு ஊரில் 2014 முதல் அரசின் ஆதரவில் நடக்கும் இல்லமாகும். கட்டுப்பாடிழந்த பிள்ளைகள் சில வாரங்கள் அங்கே தங்குகிறார்கள். கைபேசியை ஒப்படைத்துவிட்டு, ஆலோசகர்களோடு பேசுகிறார்கள், ஓடியாடி விளையாடுகிறார்கள், சக பிள்ளைகளோடு சேர்ந்து காரியங்கள் செய்கிறார்கள். ராணுவப் பயிற்சி போன்ற உடற்பயிற்சியைக்கொண்டு மனத்தைத் திருப்பப் பார்த்த முந்தைய முகாம்களைப் போலன்றி, ஆட்டம் கொடுத்துவந்த சாமர்த்தியத்தையும் சிநேகத்தையும் வேறிடத்தில் தேடிக் கொடுக்கும் முயற்சி இது.

கொரியாவில் பிறந்த ஆட்டமொன்று நம் வீடுகளுக்கும் வந்தது. ஒரு தீவில் நூறு பேர் குதித்து, கடைசியில் மிஞ்சும் ஒருவர் ஜயிக்கும் 'பப்ஜி' கைபேசியில் பரவி, தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் திண்ணைகளையும் மொட்டை மாடிகளையும் பிடித்துக்கொண்டது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதைத் தடுத்தது. மறு ஆண்டே அது வேறு பெயரில், 18 வயதுக்கு உட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரமே ஆடலாம் என்ற வரம்போடு திரும்பி வந்தது. பணம் வைத்தாடும் ஆன்லைன் ரம்மி முதலியவை வேறு ஜாதி. அவை சூதின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தமிழக அரசு 2025-இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை நேரம் விதித்து, உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெங்களூரின் நிமான்ஸ் மருத்துவமனையில், மின்னணுச் சாதனங்களை விட்டு மீளமுடியாதவர்களுக்கென்றே 2014 முதல் ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவு நடந்து வருகிறது.

தங்கள் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் தாய் தந்தையர், மணிக்கணக்கை எண்ணுவதற்கு முன்னால் வேறு சில விஷயங்களை விசாரிக்கலாம். அவன் உறங்குகிறானா, நேரத்துக்கு உண்கிறானா, முன்பு பிரியமாகச் செய்த காரியங்களில் எதை விட்டுவிட்டான், ஆட்டத்தில் அவனோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் யார், அவர்கள் இல்லாவிட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள், பள்ளியில் அவனுக்கு நேர்ந்த அவமானம் ஏதேனும் உண்டா என்பவை அவை. பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் அந்த ஆட்டத்தைப் பார்த்தாலே பல விடைகள் தாமாக வந்துவிடும். நேரத்துக்கு வரம்பு கட்டுவது அவசியமாகும்போது, நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் முடியும் வரையில் பொறுத்திருப்பது உசிதம். ஏனென்றால், இக்காலத்துக் குழு ஆட்டங்களில் நடுவில் விட்டுப் போகிறவனால் கூட்டாளிகள் தோற்பார்கள், பலவற்றில் அவனுக்குத் தண்டனையும் உண்டு. இணைப்பைத் திடீரென்று பிடுங்குகிற தந்தை, தம் மகன் நாலு பேர் முன்னிலையில் வாக்குத் தவறும்படி செய்துவிடுகிறார் என்பது அவருக்குத் தெரிவதில்லை. மேலே சொன்ன மூன்று அறிகுறிகளும் மாதக்கணக்கில் நீடித்தால், வீட்டுக்குள்ளேயே போராடிக் கொண்டிராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். போகத் தயங்குகிறவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் அழைத்தால், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.